கண்ணனின் தாகத்துக்கு 340 ரூபாய்

மாதவரம் பக்கம் நர்சரிக்காரர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் 2024 ஜனவரியில் இந்தத் தெளிப்பானை வாங்கினேன். இரண்டு லிட்டர் பிடிக்கும். தலையில் கைப்பம்பு, விசையை அழுத்திய நிலையிலேயே பூட்டி வைக்க ஒரு சிறு தாழ், முனையில் திருகு. விலை 340 ரூபாய். ரோஜாச் செடிக்கு மருந்தடிப்பதற்காகச் செய்த பொருள் இது. நான் வாங்கியது ஒரு பச்சோந்திக்குத் தண்ணீர் கொடுக்க. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாள் தவறாமல் பயன்படுத்திய பிறகுதான் எழுதுகிறேன். முதல் வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது நான்கு கொடுக்கிறேன். அந்த நான்கையும் மனதாரக் கொடுக்கிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. பதினேழு ஆண்டுகளாக, சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை எந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் வேலையில் பாதி தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரச் சிகிச்சை என்றால், நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் 120 லிட்டர் கரைசல் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. இந்தப் பக்கம் அவருடைய ரத்தம் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதனால் காலையில் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதாமல் முதல் நோயாளியைப் படுக்கையில் ஏற்றமாட்டோம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தெளிப்பானுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, நான் தண்ணீரை எந்தக் கண்ணால் பார்க்கிறேன் என்பது தெரிய வேண்டும்.

பச்சோந்தியின் பெயர் கண்ணன். ஒரு கண் முன்னால் பார்க்கும்போது மறு கண் பின்னால் பார்க்கும். அதைக் கண்டு என் தம்பி வைத்த பெயர். தம்பி கப்பலில் வேலை செய்கிறான். 2022-ல் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனவன், மீனுக்குப் பதிலாக இதை வாங்கி வந்தான். நான்கு மாதம் கழித்துக் கப்பலேறிவிட்டான். அன்றிலிருந்து கண்ணன் என் பொறுப்பு. இது ஏமன் நாட்டு வகை. தலையில் உயரமான கொண்டை இருக்கும். நம் ஊர்ப் புதர்க்காடுகளில் வாழும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகையாக இருந்தாலும், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் செய்திருக்கிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரத்திலிருந்து ஒன்றைப் பிடித்துவந்து கூண்டில் போட்டுவிடாதீர்கள்.

விற்றவர் கூடவே ஒரு பீங்கான் கிண்ணத்தையும் கொடுத்து, அதில் தண்ணீர் வைத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். நாங்களும் நம்பினோம். கண்ணன் அந்தக் கிண்ணத்தை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பச்சோந்தி மரத்தில் வாழும் உயிர். இலையில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நாக்கால் ஒற்றிக் குடித்தே பழகியது. அசையாமல் கிடக்கும் தண்ணீரைத் தண்ணீர் என்று அது பெரும்பாலும் அறிவதில்லை. துளி நடுங்க வேண்டும், ஒளிர வேண்டும், இலை நுனியிலிருந்து சொட்ட வேண்டும். அப்போதுதான் அந்தக் கண் அங்கே நிற்கும். கிண்ணத்தில் வேறு உயிர்கள் குடியேறின. கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வந்த மாநகராட்சிப் பணியாளர், தொட்டி, பூந்தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுக் கூண்டுக்குள் டார்ச் அடித்தார். கிண்ணத்தில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று எனக்குப் பாடம் சொன்னார். எனக்குத் தெரிந்த பாடம்தான். தெரிந்திருந்தும் நான் பார்க்காமல் விட்டது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

அந்த நாட்களில் அம்மா கூண்டின் பக்கமே வரமாட்டார். சின்ன வயதில் எங்களுக்குச் சொன்ன கதை ஒன்று உண்டு. காட்டில் ராமர் தாகத்தால் தவித்தபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம். ஓணான் சிறுநீரைக் கொடுத்ததாம். அதனால் அணிலுக்கு ராமர் முதுகைத் தடவி மூன்று கோடு போட்டார், ஓணானுக்குத் தெருப் பையன்களின் கல்லடி. எங்கள் தெருவில் கயிற்றுச் சுருக்கு வைத்து ஓணான் பிடித்த எல்லோரும் இந்தக் கதையைத்தான் நியாயமாகச் சொல்வார்கள். தாகத்தைப் பற்றிய கதை ஒன்று ஓர் உயிரின் மேல் இத்தனை காலம் கல்லாக விழுந்துகொண்டிருக்கிறது.

கிண்ணம் உதவாது என்று தெரிந்ததும் தம்பி கப்பலிலிருந்தே இணையத்தில் ஒரு புகைமூட்டும் கருவியை வரவழைத்தான். ஒலியதிர்வால் தண்ணீரைப் பனிமூட்டம்போல் ஆக்கும் வகை. கூண்டுக்குள் வெள்ளை மேகம் உருண்டு வரும். பார்க்க அழகாக இருக்கும். அதைப் போட்டது 2023 கோடையில். ஊற்றியது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நான் இரவுப் பணியில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் நல்ல மனதோடு நிரப்பியது. இரண்டு வாரத்தில் இலைகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பொடி படிந்தது. ஒரு காலையில் கண்ணனின் இடது கண் திறக்கவில்லை.

காரணம் எளிது. கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். அதிர்வால் உடைக்கும் கருவியோ தண்ணீரை உப்போடும் கிருமியோடும் சேர்த்துப் பொடித்துளியாக வீசுகிறது. துளி காற்றில் உலர்ந்ததும் உப்புத்தூள் மிஞ்சும். அது கண்ணிலும் மூச்சிலும் போகும். பச்சோந்தி தன் கண்ணைத் தண்ணீரால்தான் கழுவிக்கொள்ளும். துளி பட்டதும் அந்தக் கூம்பு இமையைப் புடைத்து, உருட்டி, தூசியை ஓரத்துக்குத் தள்ளும். கழுவ வந்த தண்ணீரே தூசியைக் கொண்டுவந்தால் அது என்ன செய்யும்? அதோடு, ராயபுரத்துக் கடற்காற்றில் துணி காய்வதே பாடு. இங்கே காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கண்ணனுக்கு வேண்டியது வாயில் தண்ணீர். நாங்கள் காற்றை நனைத்துக்கொண்டிருந்தோம்.

கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போனேன். அவர் கண்ணைப் பார்ப்பதற்கு முன் எச்சத்தைக் கேட்டார். நல்ல வேளையாகப் பழைய துணியில் மடித்து எடுத்துச் சென்றிருந்தேன். பச்சோந்தியின் எச்சத்தில் கரும்பழுப்புப் பகுதியோடு வெள்ளைப் பகுதி ஒன்று இருக்கும். நமக்குச் சிறுநீர் போல அதற்கு அது. போதுமான தண்ணீர் குடித்த பச்சோந்திக்கு அது வெண்ணெய் நிறத்தில் இருக்கும். கண்ணனுடையது ஆரஞ்சு நிறத்தில் கட்டியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் உடலில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று எடை பார்த்துக் கணக்கிடும் நான், வீட்டில் ஓர் உயிர் உள்ளுக்குள் வற்றிப்போனதைக் கவனிக்கவில்லை. மருத்துவர் கண்ணைக் கழுவி மருந்து கொடுத்தார். நல்ல தண்ணீரைக் காலையும் மாலையும் ஐந்து நிமிடமாவது இலைகளின் மேல் தெளிக்கச் சொன்னார்.

அன்று வீட்டில் இருந்தது, இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் சிறிய புட்டி. ஐந்து நிமிடம் என்றால் நூற்றுக்கணக்கான அழுத்தல்கள். கட்டைவிரலின் அடியில் வலி எடுக்கும். இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடத் தோன்றும். கண்ணனோ இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகுதான் குடிக்கவே தொடங்குவான். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் சாக்கடை. மூன்று நாள் மின்சாரம் இல்லை, தண்ணீரைச் சுத்திகரிக்கும் வீட்டு ஆர்.ஓ. ஓடவில்லை. மாடிப்படியில் வைத்திருந்த இரண்டு கேன் தண்ணீர்தான் எங்களுக்கும் கண்ணனுக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த இஸ்திரிப் புட்டியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், மின்சாரம் வேண்டாத, கையை முடக்காத ஒரு கருவி வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாதவரத்துக் கடையில் முதலில் ஒரு தவறு நடக்க இருந்தது. கடைக்காரர் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்ததையே துடைத்து, “இதையே எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, முப்பது ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்றார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பூச்சிமருந்து வாடை. யாருக்கோ இயக்கிக் காட்ட மருந்தோடு அடித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் மருந்தைக் குடித்து வைத்திருக்கும்; எத்தனை முறை கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது. பெட்டி பிரிக்காத ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று சொன்னதும் அவரே உள்ளே போய் இரண்டு பெட்டியைத் திறந்து, முனை பிளாஸ்டிக்கில் இருப்பதாகத் தேடிக் கொடுத்தார். பித்தளை முனை வைத்ததும் உண்டு. பித்தளையில் ஈயம் கலந்திருக்கக் கூடும் என்பதால் குடிதண்ணீருக்கு நான் அதைத் தவிர்க்கிறேன். நல்ல மனிதர். நீங்கள் வாங்கப் போகும்போது மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி அதன் வேலை. காலை ஐந்தேகாலுக்கு, கூண்டு விளக்கு எரிவதற்கு முன், ஒரு லிட்டர் ஊற்றி இருபத்தைந்து முறை பம்பு அடிக்கிறேன். தாழைப் போட்டதும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் தானாகத் தெளிக்கும். அழுத்தம் குறைந்ததும் இன்னொரு இருபத்தைந்து. மூன்று முறை அடித்தால் ஒரு வேளை முடிந்தது. அழுத்தம் மிகுந்தால் காற்றை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு ஒன்று தலையில் இருக்கிறது. இரண்டு ஆண்டில் அது ஒரு முறையும் ஏமாற்றியதில்லை. முனையைத் திருகி மிக மெல்லிய சாரலாக வைக்கலாம். பீய்ச்சும் தாரையாக ஒருபோதும் வைக்காதீர்கள். முகத்தில் வேகமாக அடித்த தண்ணீர் மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். நான் கூண்டின் மேல் வலைக்குக் குறிவைக்கிறேன். அங்கிருந்து செம்பருத்தியிலும் மணிபிளான்டிலும் இறங்கி, இலைக்கு இலை தாவி, மழை போலச் சொட்டுகிறது.

முதல் நிமிடம் கண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிளையோடு ஒட்டிக்கொள்வான். இரண்டாவது நிமிடம் கண்ணை உருட்டிக் கழுவிக்கொள்வான். மூன்றாவது நிமிடத்தில் மெல்லத் தலை நீளும். வாய் பிளந்து, நாக்கின் நுனி செம்பருத்தி இலையில் ஒட்டும். தொண்டை ஏறி இறங்கும். நாம் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவான். அதனால் நான் சுவரோரம் நின்று கண்ணாடி அலமாரியில் தெரியும் நிழலில்தான் பார்க்கிறேன். வாங்கிய மூன்றாவது வாரத்தில் எச்சம் வெள்ளைக்கு வந்தது. அன்று தம்பிக்கு அனுப்பிய படம் அதுதான். அவன் அப்போது நடுக்கடலில் இருந்தான். சிக்னல் கிடைத்த உடனே கூப்பிட்டு அழுதான்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே ஊற்றுவது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும். போர் தண்ணீர், குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ தண்ணீர், கேன் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். மீஞ்சூரிலிருந்து இந்தக் கரை வரை நிலத்தடியில் கடல் நுழைந்த கதை நமக்குத் தெரியும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட அந்த ஆலையும் என் டயாலிசிஸ் அறையில் இருக்கும் ஆர்.ஓ.வும் செய்வது ஒரே வேலைதான், சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது. என் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது கரைந்த உப்பு போர் தண்ணீரில் லிட்டருக்கு 1,840 மில்லிகிராம், மெட்ரோ தண்ணீரில் 420, ஆர்.ஓ.வில் 45 இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் 500-க்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. மனிதருக்கான அந்தச் சலுகையைத் தெளிப்பானுக்குக் கொடுத்தால் பத்தே நாளில் முனை அடைத்துக்கொள்ளும், இலை வெளுக்கும்.

மெட்ரோ தண்ணீரில் உப்பு பரவாயில்லை. அதில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருந்தால்தான் வழியில் புகுந்த கிருமி செத்திருக்கும். அந்தக் குளோரின் நம் குழந்தைகளைக் காக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கண்ணன் அந்தத் தண்ணீரைக் குடிப்பதோடு கண்ணிலும் விட்டுக் கழுவுகிறான். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்து, ஈ புகாத மெல்லிய துணியால் மூடி ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். கொளத்தூர் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். அதே கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகளை விட்டு, மஞ்சள் நிறம் வரவில்லை என்று பார்த்துக்கொள்கிறேன். அமோனியாவோடு சேர்ந்த குளோரமின் என்றால் இப்படிப் பறக்காது. அதற்குக் கரி வடிகட்டி வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் சவ்வுக்கு முன்னால் அந்தக் கரி இருக்கிறது. அதனால் நான் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறேன். மின்சாரம் போனால் ஒரு நாள் வைத்த மெட்ரோ தண்ணீர்.

ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இருக்காதே என்று பலர் கேட்கிறார்கள். பனித்துளியில் என்ன உப்பு இருக்கிறது? கண்ணனுக்குச் சுண்ணாம்புச் சத்து வெட்டுக்கிளியின் மேல் தூவும் பொடியிலிருந்து வருகிறது. தண்ணீர் தண்ணீராக வந்தால் போதும்.

நல்ல தண்ணீரையும் கெடுப்பது பாத்திரம். இதை நான் வேலையில் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் எத்தனை சுத்தமாகப் புறப்பட்டாலும், ஓடாமல் தேங்கும் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பாக ஒரு படலம் வளரும். விரலால் தடவினால்தான் தெரியும். ஒரு முறை பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஓடும்போதெல்லாம் கிருமியை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் பச்சோந்திக்கான எந்தக் கருவியையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடை போடுகிறேன்: இதைத் திறந்து எல்லா மூலைக்கும் பிரஷ் விட முடியுமா? இந்த 340 ரூபாய்த் தெளிப்பான் அந்தக் கேள்விக்கு ஆம் என்கிறது. தலை முழுவதும் கழன்று வருகிறது. வாய் அகலம், பாட்டில் பிரஷ் தாராளமாகப் போகும். உறிஞ்சு குழாயை உருவி எடுக்கலாம், முனை இரண்டு துண்டாகப் பிரியும். தம்பி அடுத்துப் பார்த்து வைத்திருந்த பல ஆயிரம் ரூபாய்த் தானியங்கிச் சாரல் கருவியில் மெல்லிய குழாய் மட்டுமே மூன்று மீட்டர் இருந்தது. அதன் உள்ளே யார் போவது? வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

ஞாயிறுதோறும் கழுவுகிறேன். முனையையும் குழாயையும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் படிந்த உப்பு கரைந்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே எலுமிச்சை உப்புதான். டயாலிசிஸ் எந்திரங்களுக்கும் இதே அமிலத்தைப் பயன்படுத்துகிறோம். அதை நன்றாக அலசிக் கொட்டிய பிறகே இரண்டாவது வேலை: ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து மி.லி. சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினிக் கரைசல் விட்டு, பம்பு அடித்து முனை வழியாகவும் வெளியேற்றி, பத்து நிமிடம் வைக்கிறேன். இந்த இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். பிறகு சோதனைத் துளியில் மஞ்சள் வராத வரை அலசி, மொட்டை மாடியில் கவிழ்த்துக் காயவைக்கிறேன். நன்றாகக் காய்வது மிக முக்கியம். தினமும் இரவில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். நேற்றைய தண்ணீரை இன்று ஊற்றுவதில்லை.

குறைகளைச் சொல்ல வேண்டும். உடல் பாதி ஒளி புகும் வெள்ளைப் பிளாஸ்டிக். ஜன்னலோரம் வைத்தால் பச்சைப் பாசி பிடிக்கிறது. கருநீலத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன்; கறுப்பு உடலில் செய்திருந்தால் இந்த வேலை இருக்காது. உறிஞ்சு குழாய் அடி வரை எட்டவில்லை, நூறு மி.லி. அளவு எப்போதும் அடியில் தங்கிவிடுகிறது. கொட்ட மறந்தால் நாளைக்கு அது பழந்தண்ணீர். குழாயின் அடியில் சல்லடை இல்லை. முதல் வாரம் பிளாஸ்டிக் வாடை அடித்தது. ஏழு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே கண்ணனுக்குப் பயன்படுத்தினேன். கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் பதினான்காவது மாதத்தில் இறுகிப்போய்க் காற்றைப் பிடிக்கவில்லை. பெட்டியில் மாற்று வளையம் ஒன்றாவது வைத்திருக்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் கவனம்: வெயில் படும் இடத்தில் இருந்த தெளிப்பானின் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விட்டது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். மணிக்கட்டில் தெளித்துப் பார்த்துவிட்டே கூண்டுக்குத் திருப்புங்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு முன் பார்ப்பதுபோல.

வழிந்த தண்ணீருக்கும் வழி வேண்டும். கூண்டு அலுமினியச் சட்டமும் வலையுமாக இரண்டடிக்கு இரண்டடி, நான்கடி உயரம். அடித்தட்டில் துளை போட்டு வாளிக்கு இறக்கியிருக்கிறேன். வாளியை அன்றன்றே கவிழ்க்க வேண்டும், கொசு காத்திருக்காது. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கக்கூடும். அதனால் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவதில்லை, வாசல் செம்பருத்திக்குத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையில் இலைகள் நன்றாகக் காய வேண்டும்; எப்போதும் ஈரமாக இருக்கும் கூண்டில் பூஞ்சை வரும்.

ஐந்தாவது நட்சத்திரத்தை நான் பிடித்துவைத்துக்கொண்டது அம்மாவுக்காக. அவருக்கு எழுபத்தொரு வயது, விரல் மூட்டுகளில் வாதம். எனக்குப் பகல் பணி என்றால் மாலை ஏழுக்குத்தான் வீடு. கண்ணன் வந்த முதல் ஆண்டு முழுவதும் பக்கத்தில் வராத அம்மா, அவனுடைய கண் மூடிப்போன அன்று கூண்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். “கதையில் வந்தது ஓணான்தானே, இவன் அசலூர்க்காரன்” என்று சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு மத்தியானம் தண்ணீர் கொடுப்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பம்பை அவரால் நான்கு முறைக்கு மேல் அழுத்த முடியவில்லை. கைப்பிடி குறுகலானது, உள்ளே இருக்கும் அழுத்தமும் எதிர்த்துத் தள்ளுகிறது. வயதானவர்கள் கையாளப் போகிறார்கள் என்றால் இதை வாங்காதீர்கள்.

அவருக்காக நான் வேறொன்று செய்தேன். மருந்துக் கடையில், நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் குழாயான ஐ.வி. செட் புதிதாக ஒன்று காசு கொடுத்து வாங்கினேன். மருத்துவமனையில் பயன்படுத்தி எறிந்ததை எடுத்துவருவது பற்றி யாரும் நினைக்கவே கூடாது. ஊசியைக் கழற்றி, ஊசிகளைப் போடும் துளைபடாத டப்பாவில் போட்டுவிட்டு, மூடியில் துளை போட்ட அரை லிட்டர்ப் பாட்டிலில் செருகிக் கூண்டின் மேல் தலைகீழாகத் தொங்கவிட்டேன். காற்றுப் போக அடியில் ஒரு சிறு துளை. உறையில் இருபது சொட்டு ஒரு மி.லி. என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றரை மி.லி.; 300 மி.லி. ஊற்றினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சொட்டும். அம்மா செய்ய வேண்டியது பாட்டிலை நிரப்பி, உருளையை விரலால் நகர்த்துவது மட்டும். குழாயின் உள்ளே பிரஷ் போகாது என்பதால் மாதத்துக்கு இரண்டு முறை செட்டையே மாற்றிவிடுகிறேன். அதன் விலைக்கு அது கட்டுப்படியாகிறது.

இந்தச் சொட்டுத் தண்ணீரைக் கண்ணன் விரும்புகிறான். ஆனால் ஒரு இலையில் மட்டும் விழும் சொட்டு அவனுடைய உடலையும் கண்ணையும் கழுவாது. இலைகளின் தூசியையும் இறக்காது. அதனால் காலைச் சாரலுக்கு மாற்றாக இதைச் சொல்லமாட்டேன். காலையில் தெளிப்பான், மத்தியானம் அம்மாவின் சொட்டு, மாலை வந்ததும் மறுபடி தெளிப்பான். இப்படித்தான் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

ரப்பர் வளையத்துக்கு இந்தக் கருவி வாங்கிய கடையில் தனி உதிரி கிடையாது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு பிளம்பிங் சாமான் கடைக்குப் போங்கள்; அளவு பார்த்துக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு வளையம் இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. ஒன்றைப் போட்டுவிட்டேன், இன்னொன்று சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவுக்குள் ஐ.வி. செட் பாக்கெட்டுகளோடு இருக்கிறது. அந்த டப்பாவின் மேல் அம்மா தன் கையால் ‘கண்ணன் தண்ணீர்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.